பாஸில் எழுதாத பெயர்கள்

பாய்லர் ஷாப்பில் வேலை பார்த்தவர்களிடம் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, வாயைக் கையால் மறைக்காமல், குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். கத்தினால் காரியம் கெட்டுவிடும். பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித் தந்ததில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளைகூட, தாத்தாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கும்.

தாத்தா, என் அம்மாவின் அப்பா. 1936இல் பிறந்தவர். 19 வயதில் அப்ரண்டிஸாகப் பொன்மலை ரயில்வே பணிமனைக்குள் போனார். 1994இல் சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றார். 88 வயதில் காலமானார். காரியத்தன்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: “குடும்பத்துக்காகவே வாழ்ந்த மனுஷன்.” பொய்யில்லை. ஆனால் எல்லாத் தாத்தாக்களுக்கும் பொருந்துகிற அந்தச் சொற்களில் எங்கள் தாத்தா எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. தேடினால் பாதிக்குமேல் ரயில்வே வருகிறது.

முதலில் அந்தக் காது. நீராவி எஞ்சினின் பாய்லர் என்பது கனத்த எஃகுத் தகடுகளை வளைத்து, ஓரங்களை ரிவெட் அடித்து இணைத்த நீண்ட உருளை. உள்ளே நெடுக வரிசை வரிசையாகக் குழாய்கள். நெருப்புப் பெட்டியிலிருந்து வரும் சூடான புகை அந்தக் குழாய்களுக்குள் ஓடும்போது, சுற்றியிருக்கும் தண்ணீர் ஆவியாகும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எஞ்சினைப் பணிமனைக்குக் கொண்டுவந்து, குழாய்களை உருவி, படிந்திருக்கும் உப்பைத் தட்டி எடுத்து, தேய்ந்த தகட்டை வெட்டிவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். வெளியே நிற்பவர் காற்றுச் சுத்தியலால் ரிவெட்டை அடிப்பார். உள்ளே ஒருவர் ரிவெட்டின் தலையை இரும்புக் கட்டையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். உள்ளே போக ஒல்லியான ஆள்தான் வேண்டும். தாத்தா ஒல்லி. அடிக்கிற சத்தம் உருளைக்குள்ளேயே மோதி மோதித் திரும்பும்.

85 டெசிபல் சத்தத்தில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்தாலே காது மெல்ல மெல்லப் பழுதாகும் என்பது இன்றைய கணக்கு. ரிவெட் அடிக்கும் சத்தம் அதைவிடப் பல மடங்கு. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாய்லர் செய்கிறவர்களுக்கு உலகம் முழுக்க இதே காதுதான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 1886இலேயே பாய்லர் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்துப் பார்த்தார். ஒருவருக்குக்கூடச் சரியான செவித்திறன் இல்லை.

இந்தக் கேளாமையில் ஒரு விசித்திரம் உண்டு. நம் உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச்செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் முதலில் சாவது கீச்சென்ற ஒலிகளுக்கான செல்கள்தாம். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. எனவே ஆண்களின் தடித்த குரல் ஓரளவு கேட்கும். பெண்கள் குரல் தேயும். குழந்தைகளின் குரல் எல்லோருக்கும் முன்னால் போய்விடும். சொற்களிலும் அப்படித்தான். ‘ஆ’, ‘ஓ’ என்ற உயிரோசைகள் காதில் விழும், ‘ச’வும் ‘த’வும் விழாது. பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. மெதுவாகச் சொன்னால் கேட்காது, கொஞ்சம் கூட்டினால், “ஏன் இப்படிக் கத்துற?” என்று தாத்தா காதைப் பொத்திக்கொள்வார். வேண்டுமென்றே செய்கிறார் என்று அம்மாயிக்கு, அதாவது என் அம்மாவின் அம்மாவுக்கு, கோபம் வரும். மெல்லிய ஒலி கேட்காமல் போவதும் பெரிய ஒலி முழு வேகத்தோடு வந்து தாக்குவதும் இந்தப் பழுதின் இயல்பு என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு காது மருத்துவர் சொன்ன பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

பேரன் பேத்திகள் மொத்தம் ஏழு பேர். எங்கள் குரல்களில் ஒன்றைக்கூட அவர் முழுதாகக் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் முகங்களை அப்படிப் பார்ப்பார். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாளே, “இந்தப் புள்ள கண்ணு சரியில்ல” என்று சொல்லிவிடுவார். எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்ததும் ஒரு சிலேட்டு வாங்கித் தந்து, சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டச் சொன்னார். அப்படித்தான் எழுத்தார்வம் வந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நான் அதில் எழுதியதெல்லாம் தேன்மிட்டாய், குச்சி ஐஸ், நாலணா.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்மலைச் சந்தை கூடும். காய்கறி, கருவாடு, கோழி, பழைய இரும்பு, துணிமணி எல்லாம் வரும். தாத்தா எங்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். செல்லத்துக்கு அல்ல, வேலைக்கு. வியாபாரி விலை சொன்னதும் நான் விரல்களைக் காட்ட வேண்டும். பத்துக்கு விரித்த இரண்டு கை, ஐந்துக்கு ஒரு கை, எட்டணாவுக்கு விரலை மடக்கிக் கொக்கி. தாத்தா தலையை ஆட்டிவிட்டுக் குறைத்துக் கேட்பார். வியாபாரி திட்டினால் அதை நான் மொழிபெயர்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். காதுக்குக் கூலியாகப் பட்டாணிப் பொட்டலம். அடுத்த வாரம் யார் போவது என்று எங்களுக்குள் அடிதடியே நடக்கும்.

எங்கள் வம்சம் பொன்மலைக்கு வந்தது தாத்தா காலத்தில் அல்ல. அவருடைய அப்பா நாகப்பட்டினத்துப் பணிமனையில் வேலை பார்த்தவர். தென்னிந்திய ரயில்வே கம்பெனி அந்தப் பணிமனையை 1928இல் திருச்சிக்குக் கிழக்கே, பொன்மலை என்ற சிறு குன்றை ஒட்டிய வெளிக்கு மாற்றியது. மாற்றத்தோடு ஆட்குறைப்பும் வந்தது. அதை எதிர்த்துத்தான் அந்த ஆண்டு ஜூலையில் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனதும் அதில்தான். கொள்ளுத்தாத்தா தகரப்பெட்டியோடு பொன்மலை வந்து, லைன் வீடு ஒன்றில் குடியேறினார். கடலோரத்திலிருந்து வந்ததால் வீட்டில் கருவாடு மட்டும் நிற்கவேயில்லை.

தாத்தாவுக்குப் பத்து வயதாகும்போது, 1946 செப்டம்பர் 5 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த பொன்மலைத் தொழிலாளர்கள்மீது சங்கத் திடலில் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். கொள்ளுத்தாத்தா அன்றிரவு வீடு திரும்பும்வரை கொள்ளுப்பாட்டி வாசற்படியைவிட்டு எழுந்திருக்கவில்லையாம். தாத்தா தொழிற்சங்கத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. சந்தா கட்டுவார், செப்டம்பர் 5 அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். அவ்வளவுதான்.

அவர் அதிகம் பேசியது பாஸைப் பற்றி.

ரயில்வே ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இத்தனை செட் என்று இலவசப் பயணப் பாஸ் உண்டு. போக ஒன்று, வர ஒன்று சேர்ந்தது ஒரு செட். பாஸ் தீர்ந்தால் பிடிஓ. மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் போகலாம். சம்பளம் குறைவாக இருந்த காலத்தில் ஒரு ஃபிட்டரின் குடும்பம் காசிக்கும் டெல்லிக்கும் போய் வந்தது இந்தக் காகிதத்தால்தான். பொன்மலையின் பழைய வீடுகளில் ஈயம் வைத்து அடைத்த கங்கைச் செம்பு ஒன்று பரணில் கிடக்கும். எங்கள் கொள்ளுப்பாட்டி கொண்டுவந்ததும் கிடக்கிறது.

பாஸில் யார் பெயரை எழுதலாம் என்பதற்கு விதி இருக்கிறது. மனைவி வரலாம். 21 வயதுக்குட்பட்ட மகன், திருமணமாகாத மகள் வரலாம். ஊழியரை அண்டியிருக்கும் விதவைத் தாய் வரலாம். அப்பா உயிரோடு இல்லையென்றால், அண்டியிருக்கும் விதவைச் சகோதரியும் வரலாம். நம் ஊர்க் கூட்டுக்குடும்பத்தை அறிந்தவர்கள் எழுதிய விதி என்றே அதை எப்போதும் நினைப்பேன். இன்றைய அலுவலக மருத்துவக் காப்பீட்டுப் படிவங்கள் பலவற்றில் இந்தத் தாராளம் இல்லை.

தாத்தாவின் தங்கை சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, கைப்பிள்ளையோடு குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். தங்கையின் பெயர் பாஸில் ஏறியது. தங்கை மகன் பெயர் ஏறவில்லை. விதியில் அவனுக்கு இடமில்லை. இரண்டு அறை வீட்டில் அவரோடு எட்டுப் பேர், அதில் ஒரு பையனுக்கு மட்டும் பாஸ் கிடையாது. தாத்தா ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தப் பையனுக்குக் காசு கொடுத்து அரை டிக்கெட் எடுத்தார். அதற்குப் பணம் சேரவில்லை என்றால் பயணமே கிடையாது. ராமேஸ்வரம் போக இருந்த பாஸ் ஒருமுறை அப்படித் தேதி முடிந்தே போயிற்று. அம்மாவும் மாமாக்களும் பாம்பன் பாலத்தைப் பார்க்க முடியாமல் அழுதார்கள். “அவனைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனா என்ன?” என்று அம்மா கேட்டாராம். அன்றைக்கு வாங்கிய அடியை அம்மா இன்னும் மறக்கவில்லை. அந்தப் பையன் முறைப்படி எனக்குப் பெரியப்பா. கொள்ளி வைத்தது மாமா என்றாலும், அன்று யாரும் தேற்ற முடியாமல் அழுதவர் இவர்தான்.

பேரப்பிள்ளைகளுக்கும் பாஸ் கிடையாது. ஓய்வுக்குப் பிறகும் கிடைத்த சில செட்களில் தாத்தாவும் அம்மாயியும் மட்டுமே போகலாம். திருமணமான மகள் என்பதால் அம்மா பட்டியலிலிருந்து எப்போதோ விழுந்துவிட்டார். நாங்கள் அதில் இருந்ததே இல்லை. ஆனாலும் கோடை விடுமுறைப் பயணம் நின்றதில்லை. அவர் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். இடது பக்கம் ‘பாஸ்’ என்று இரண்டு பெயர், வலது பக்கம் ‘டிக்கெட்’ என்று மற்ற எல்லோர் பெயரும், வயதும், முழு டிக்கெட்டா அரையா என்பதும். யாருக்கு 12 முடிகிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் அம்மாக்களுக்குத் தெரியாது. வயதைக் குறைத்துச் சொல்லி அரை டிக்கெட்டில் போவதை மட்டும் ஒப்பவே மாட்டார். “நம்ம டிபார்ட்மெண்ட்டையே நாம ஏமாத்துறதா?” என்பார்.

இந்த இடத்தில் அம்மாயியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இதுவும் இன்னொரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஆகிவிடும்.

1974 மே 8 அன்று ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. 17 லட்சம் பேர் என்பார்கள். 20 நாள் நீடித்து மே 27இல் முடிந்தது. கைதுக்குப் பயந்து ஆண்கள் பலர் காலனியில் தங்கவில்லை. தாத்தாவும் லால்குடிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் இருந்தார். சம்பளம் இல்லை. நாட்டின் பல ரயில்வே காலனிகளில் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார்கள் என்ற செய்தி வேறு. அம்மாயிக்கு அப்போது 32 வயது. மாமியார், நாத்தனார், ஐந்து பிள்ளைகள். திருச்சியில் அந்நாளில் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுவது பெரிய குடிசைத்தொழில். அம்மாயி பக்கத்துத் தெருப் பட்டறையில் போய் உட்கார்ந்தார். சுழலும் தட்டில் கல்லை அழுத்திப் பிடித்து ஒவ்வொரு முகமாகத் தேய்க்க வேண்டும். கல்லோடு விரல் நுனியும் தேயும். வேலைநிறுத்தம் முடிந்து, தாத்தா திரும்பி, சம்பளம் வரத் தொடங்கிய பிறகும் அம்மாயி அந்த வேலையை விடவில்லை. பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை போனார். தங்கை மகனுக்கு டிக்கெட் எடுத்த பணத்தில் கல்லுப் பணம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. கோடு போட்ட நோட்டிலும் அது இல்லை.

அம்மாவுக்கும் ஒரு மனக்குறை உண்டு. பத்தாவது முடித்ததும் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். பி.எஃப். முன்பணம் பெரிய மாமாவின் பாலிடெக்னிக்குக்குப் போயிற்று, அடுத்தது கல்யாணங்களுக்கு. அதே தாத்தா, என் கல்லூரிக் கட்டணத்தைப் பென்சனிலிருந்து தவணை தவறாமல் கட்டினார். “எனக்குக் குடுக்காததை உனக்குக் குடுக்குறாரு, வாங்கிக்க” என்று அம்மா சொன்னபோது அந்தக் குரலில் கோபமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. தாத்தாவின் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் பதில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1994இல் ஓய்வுபெறும்போது பென்சன் காகிதங்களுக்காகக் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படம் கேட்டார்கள். தனக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் போக வேண்டும், அவர் இன்னார்தான் என்று அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக வாங்குவது. எங்கள் வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருக்கும் படம் அது ஒன்றுதான். கல்யாணத்துக்கே எடுத்ததில்லை. அரசாங்கம் கேட்டதால் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு முகத்திலும் கூச்சம்.

செட்டில்மென்ட் பணத்தில் பொன்மலைப்பட்டியில் சின்னதாக ஒரு வீடு. அதற்குப் பிறகு அவர் வேலை முழுக்க நாங்கள்தான். பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது, ரேஷன் வரிசை, கரண்டு பில், யாருக்கு எந்தத் தடுப்பூசி என்ற கணக்கு. நீராவி எஞ்சின்களின் காலம் அவர் ஓய்வோடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலைப் பணிமனையே புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டியது. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிப்பவை. செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலே, “பாய்லரை யாரு பாத்தா?” என்று கேட்டார். எங்களில் யாருக்குத் தெரியும்? அன்று முழுக்க அவருக்கு நிலைகொள்ளவில்லை. தன்னோடு வேலை பார்த்தவர்களில் உயிரோடிருந்த ஒருவர் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். இரண்டு பேருக்கும் காது கேட்காது. சாயங்காலம்வரை என்ன பேசினார்களோ, சிரித்த முகத்தோடு திரும்பினார்.

அவர் போன பிறகு செய்ய வேண்டிய காகித வேலைகள் என் பொறுப்பில் வந்தன. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வூதியம் 50 சதவீதம் என்பதால், ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அதோடு 20 சதவீதம் கூடும். அம்மாயிக்கு 82. ஆண்டுதோறும் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்; 80ஐக் கடந்தவர்கள் நவம்பருக்குக் காத்திராமல் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

அதற்காக அம்மாயியின் விரலைக் கருவியில் வைத்தோம். ஏற்கவில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தோம். பத்தில் ஒன்றுக்கும் ரேகை பதியவில்லை. “கல்லு தின்னுடுச்சு கண்ணு” என்றார் அம்மாயி. இப்போது முகத்தைக் காட்டிப் பதியும் வசதி செல்போனிலேயே வந்திருக்கிறது. கண்ணைச் சிமிட்டச் சொன்னதும் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, “ஆச்சா?” என்று கேட்டார். ஒருவழியாக ஆயிற்று.

ரயில்வேயில் விதவைகளுக்கும் பாஸ் உண்டு. அதற்கும் எழுதிக் கொடுத்தோம். இத்தனை காலம் ‘மனைவி’ என்ற இடத்தில் இருந்த பெயர் இப்போது முதல் வரியில் இருக்கிறது என்று நான் படித்துக் காட்டினேன்.

“அப்ப இது என் பாஸா?”

“உன் பாஸ்தான் அம்மாயி. எங்க வேணா போகலாம்.”

“நாகப்பட்டினத்துக்குப் போடு. மாமனார் ஊரைக் கண்ணால பாத்ததில்ல. உங்கம்மாவும் வரட்டும்.”

“அம்மாவுக்கு இதுல வராதே.”

“தெரியாதா எனக்கு? அவளுக்குக் காசு குடுத்து எடு. என் பென்சன்ல எடு, உங்கப்பன்கிட்ட கேக்காத. கீழ் பெர்த்து ரெண்டும் கேட்டு வாங்கு.”

பகல் வண்டியில் பெர்த் எதற்கு என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.